‘மிகைமதிப்பு’ என்று எழுதும் முன்

வங்கிகளுக்காகச் சக மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகளைச் சரிபார்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

நம்மில் பலருக்கு அந்தக் கடிதம் வந்திருக்கும். வட்டார அலுவலகத்திலிருந்தோ சட்டப் பிரிவிலிருந்தோ நாலு வரியில் வரும். இன்ன கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது, கடன் கொடுத்த சமயத்தில் இன்ன மதிப்பீட்டாளர் இந்தச் சொத்துக்கு இவ்வளவு மதிப்பு போட்டிருக்கிறார், சரிபார்த்துக் கருத்துத் தெரிவிக்கவும். கூடவே பழைய அறிக்கையின் நகல் இருக்கும். அதிலும் பாதிப் பக்கம் கறுப்பாக விழுந்திருக்கும். கடைசிப் பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்தவர். சங்கக் கூட்டத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவராக இருப்பார். இல்லாவிட்டால் அதே வங்கிப் பேனலில் நமக்குப் போட்டியாக இருப்பவர்.

இந்த வேலையை நாம் நன்றாகச் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பார்க்கும் மறுஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டே ரகம். ஒன்று, “முந்தைய மதிப்பு ஏற்கத்தக்கதாக உள்ளது” என்று ஒரே வரியில் முடிவது. மற்றொன்று, “முந்தைய மதிப்பு மிகைப்படுத்தப்பட்டுள்ளது” என்று ஆரம்பித்து, தன் பங்குக்கு ஒரு தொகையை எழுதி, சீல் குத்தி முடிவது. முதலாவது தாட்சண்யத்தில் எழுதப்படுகிறது. இரண்டாவது பயத்தில் எழுதப்படுகிறது, சில சமயம் போட்டியில். இரண்டிலும் காரணம் இருக்காது.

அந்த ஒரு வரி எங்கெல்லாம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் வங்கியின் மோசடிக் கணக்குகளை ஆராயும் குழுவுக்கு. பிறகு அந்த மதிப்பீட்டாளருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். அடுத்தது இந்திய வங்கிகள் சங்கம் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பட்டியல். அதில் பெயர் ஏறினால் ஒரு வங்கியில் மட்டுமில்லை, எல்லா வங்கியிலும் கதவு மூடும். சிபிஐ வரை போனால் உங்கள் மறுஆய்வு குற்றப்பத்திரிகையோடு ஓர் ஆவணமாக இணைக்கப்படும், நீங்கள் அரசுத் தரப்புச் சாட்சியாவீர்கள். மூவாயிரமோ ஐயாயிரமோ கட்டணம் வாங்கிக்கொண்டு ஓர் உச்சிவேளையில் எழுதிய வாக்கியத்துக்கு, ஐந்து வருடம் கழித்துக் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். குறுக்கு விசாரணையில் கேட்கப்படும் முதல் கேள்வி, “எதை வைத்து மிகை என்றீர்கள்?” என்பதுதான்.

வங்கிப் பேனல் வழக்கறிஞர் ஒருவரின் சட்டக் கருத்து தொடர்பான நாராயண ராவ் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. கருத்து தவறாக இருந்தது என்பதற்காக மட்டும் ஒருவரைச் சதியில் சேர்க்க முடியாது. சதியில் கைகோத்ததற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். நம் தொழிலில் வழக்கில் மாட்டியவர்கள் அந்தத் தீர்ப்பைத்தான் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். கவனக்குறைவுக்கும் கள்ளத்தனத்துக்கும் நடுவே நீதிமன்றம் போட்ட கோட்டை, நம்முடைய ஒரு சொல் அழித்துவிடக்கூடாது.

இனி வேலைக்கு வருகிறேன். வங்கி நம்மிடம் என்ன கேட்கிறது என்பதே பல கடிதங்களில் தெளிவாக இருக்காது. சர்வதேச மதிப்பீட்டுத் தரங்களின் 2025 பதிப்பு இதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருவர் வேலை செய்த முறை தரங்களுக்கு ஏற்ப இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. அவர் சொன்ன மதிப்பு நியாயமானதா என்று கருத்துச் சொல்வது இன்னொன்று. முதலாவதை மேசையில் உட்கார்ந்து செய்யலாம். இரண்டாவதற்கு நீங்களே ஒரு மதிப்பீடு செய்யும் அளவுக்கு உழைக்க வேண்டும்: இடத்துக்குப் போக வேண்டும், ஒப்பீட்டு விற்பனைகளைத் தேட வேண்டும், பதிவு அலுவலகக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் முதல் வேலைக்கான கட்டணத்தில் இரண்டாவது வேலையின் முடிவை எழுதச் சொல்கிறார்கள், நாமும் எழுதிக் கொடுக்கிறோம். இடத்தைப் பார்க்காமல் செய்த மறுஆய்வு என்றால் அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் உங்கள் தொகை என்று எதையும் எழுதாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாக அநியாயம் நடக்கும் இடம் தேதி. மதிப்பு என்பது ஒரு குறிப்பிட்ட நாளுக்கானது என்று பயிற்சி வகுப்பில் பாடமெடுப்பவர்களே மறுஆய்வில் அதை மறந்துவிடுகிறார்கள்.

2016 ஆகஸ்டில் ஒருவர் செங்கல்பட்டுப் பக்கம், அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் ஒரு மனையை மதிப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அப்படிப்பட்ட மனைகள் தாராளமாகப் பதிவாகிக்கொண்டிருந்தன. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட வரைபடத்தைக் காட்டி விற்றார்கள். வாங்க ஆள் இருந்தது, அதற்கென்று ஒரு விலையும் இருந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அதைத் தொடர்ந்து நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. மறு வருடம் மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து பதிவு மெல்லத் தொடங்கினாலும், கட்டணம் கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வரிசையில் நின்று வாங்கிய மனையை டிசம்பரில் கேட்க நாதியில்லை. 2019-ல் கணக்கு வாராக்கடனாகி மறுஆய்வுக்கு வருகிறது. 2019 நிலவரத்தைப் பார்த்துவிட்டு, “பாதிகூடப் போகாத மனைக்கு இவ்வளவு போட்டிருக்கிறார்” என்று எழுதினால் அது மதிப்பீட்டாளரைப் பற்றிய கருத்து ஆகாது. அவர் ஜோசியம் பார்க்கவில்லை என்ற புகார்தான் அது.

அவரிடம் நியாயமாகக் கேட்கக்கூடியது வேறு. அங்கீகாரம் இல்லை என்பதை அறிக்கையில் சொல்லாமல் விட்டாரா? அங்கீகாரமுள்ள மனைகளின் விலையை எடுத்து அங்கீகாரமில்லாததற்கு அப்படியே வைத்தாரா? டிடிசிபி அங்கீகார எண் என்ற கட்டத்தில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு மறைத்தாரா? இவற்றில் ஒன்று ஆமென்றாலும் அது கடுமையான குறை, கூசாமல் எழுதலாம். அந்தக் குறை ஆகஸ்டிலேயே இருந்தது. நவம்பர் அறிவிப்பு அதை உண்டாக்கவில்லை.

அமெரிக்க மதிப்பீட்டாளர்களின் நெறிமுறையான யூஎஸ்பேப், மறுஆய்வுக்கென்றே இரண்டு தரங்களை ஒதுக்கியிருக்கிறது. எண்பதுகளில் அங்கே சேமிப்பு வங்கிகள் வரிசையாகச் சரிந்தபோது மதிப்பீட்டு அறிக்கைகள் சந்தி சிரித்தன. அதிலிருந்து பிறந்த நெறிமுறை அது. முதல் மதிப்பீட்டாளருக்கு அன்றைக்குக் கிடைத்திருக்க வழியில்லாத தகவலை, நீங்கள் உங்கள் சொந்த மதிப்பைக் கணக்கிடப் பயன்படுத்தலாம். அவருடைய வேலையின் தரத்தை எடைபோட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1988-ல் சிமன்லால் ஹர்கோவிந்ததாஸ் வழக்கில், நில எடுப்பு இழப்பீட்டுக்காக ஏறக்குறைய இதே திசையில்தான் பேசியது. மதிப்பிட வேண்டிய நாளில், விவேகமுள்ள ஒருவர் வாங்க வந்திருந்தால் என்ன கொடுத்திருப்பார் என்று பார்க்கச் சொன்னது. சிறிய மனை, சாலையோர முகப்பு, சீரான வடிவம் ஆகியவற்றை ஏற்றக் காரணங்களாகவும், பெரிய பரப்பு, உள்ளடங்கிய இடம், குறுகிய முகப்பு, மண் கொட்டி மேடாக்க வேண்டிய பள்ளம் ஆகியவற்றை இறக்கக் காரணங்களாகவும் பட்டியலிட்டது. மறுஆய்வு செய்யும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை ஒழுங்காகிவிடும். எந்தக் காரணத்தை அவர் கவனித்தார், எதை விட்டார் என்று வரிசையாகச் சொல்லலாம்.

அடுத்தது பத்திர விலை. இது நம் மாநிலத்தில் பெரிய தலைவலி. மறுஆய்வு செய்பவர் பக்கத்து மனையின் கிரயப் பத்திரத்தை எடுத்து, “அதே தெருவில் சதுர அடி 900 ரூபாய்க்குப் பதிவாகியிருக்க, இவர் 1,800 போட்டிருக்கிறார்” என்று எழுதுகிறார். அந்த 900 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அரசின் வழிகாட்டி மதிப்பிலிருந்து. அந்த மதிப்பையும் 2017 ஜூனில் ஒரே நாளில் 33 விழுக்காடு குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய நிலைக்குத் திருப்பினார்கள். இந்த இரண்டு நாட்களிலும் எந்தத் தெருவிலும் நிலத்தின் விலை அப்படித் தாவவில்லை; பத்திரத்தில் எழுதப்படும் தொகைதான் தாவியது. 2019 பத்திரத்தையும் 2024 பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ‘சந்தை உயர்வு’ கணக்கிடுபவர், சந்தையைப் பார்க்காமல் அரசாணையைப் படித்துக்கொண்டிருக்கிறார். அடுக்குமாடி வீடுகளில் இன்னும் மோசம். பல காலம் பிரிக்கப்படாத நிலப் பங்குக்கு மட்டும் கிரயப் பத்திரம், கட்டடத்துக்குத் தனியே கட்டுமான ஒப்பந்தம் என்றுதான் பதிவு நடந்தது. நிலப் பங்கின் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ‘வீடே இவ்வளவுதான்’ என்று எழுதிய மறுஆய்வும் உண்டு.

அதற்காக, பத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘உள்ளூர் விசாரணையில் தெரியவந்தது’ என்று எழுதினால் போதும் என்று நான் சொல்லவில்லை. அந்த வாக்கியம்தான் நம் தொழிலின் சாபக்கேடு. யாரிடம் விசாரித்தோம், அவர் எந்த மனையைச் சொன்னார், என்றைக்கு விற்றது என்று இரண்டு வரி குறித்து வைத்திருக்க வேண்டும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான 2017 விதிகள், ஒவ்வொரு வேலையின் ஆவணங்களையும் குறைந்தது மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. மறுஆய்வு செய்பவருக்கும் அதே கடமை உண்டு. “அவர் ஆதாரம் காட்டவில்லை” என்று ஆதாரம் காட்டாமல் எழுதுகிறவரை என்ன சொல்வது?

ஏலத் தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்ஃபேசி சட்டத்தில் ஏலம் விட்டு 40 லட்சம் வந்தது, அறிக்கையில் 65 லட்சம், ஆகவே 25 லட்சம் மிகை என்று கழித்தல் கணக்குப் போடுகிறார்கள். அந்த ஏலம் எப்படி நடந்தது? கதவில் நோட்டீஸ் ஒட்டிக் காகிதத்தில் மட்டும் சுவாதீனம் எடுத்த சொத்தா? உள்ளே பழைய கடன்காரரின் அண்ணன் குடும்பம் இருக்கிறதா? கடன் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையா? இரண்டு முறை ஏலம் போகாமல் மூன்றாவது முறை ஒதுக்கு விலையைக் குறைத்தார்களா? அப்படி வாங்குகிறவர் சொத்தோடு ஒரு வழக்கையும் வாங்குகிறார், அதற்கான தள்ளுபடியைக் கேட்கத்தான் செய்வார். விருப்பமுள்ளவர் விற்க, விருப்பமுள்ளவர் வாங்க, நிதானமாகப் பேசி முடிகிற விலைக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை. (சந்தை மதிப்பில் 90 விழுக்காடு ‘ரியலைசபிள்’, 80 விழுக்காடு ‘டிஸ்ட்ரெஸ்’ என்று எந்தச் சொத்துக்கும் ஒரே வாய்ப்பாட்டைப் போட்டுப் பழகியவர்கள் நாம். ஏலத்தில் அந்தக் கணக்கு பொய்த்தால் வங்கி நம்மை நோக்கி விரல் நீட்டுவதில் நம் பங்கும் உண்டு.)

இரண்டு பேர் நேர்மையாகக் கணக்கிட்டாலும் ஒரே தொகை வராது. இதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள், நாம்தான் மறுஆய்வில் ஏற்க மறுக்கிறோம். 1977-ல் ஓர் இங்கிலாந்து நீதிமன்றம், திறமையான மதிப்பீட்டாளர்களுக்கு நடுவே இருபுறமும் 10 விழுக்காடு, அசாதாரணமான சொத்தென்றால் 15 விழுக்காடு வரை வித்தியாசம் இயல்பு என்றது. 50 கோடியும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துகளுக்கு இரண்டு தனித்தனி அறிக்கை வாங்கும்படி ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. திவால் சட்டத்திலும் இரண்டு பேரை நியமிக்கிறார்கள்; 2022 திருத்தத்தின்படி, கலைப்பு மதிப்பில் 25 விழுக்காடு விலகினால்தான் அதைக் கணிசமான வித்தியாசமாகக் கருதி மூன்றாமவரைப் பற்றி யோசிக்கிறார்கள். ஒரு கிரவுண்டுக்கு ஒருவர் சதுர அடி 1,800 என்றும் இன்னொருவர் 2,000 என்றும் போட்டால் 43.2 லட்சத்துக்கும் 48 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் 4.8 லட்சம். கேட்க அதிகமாகத் தெரியும். விழுக்காட்டில் சொன்னால் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். கட்டடத்துக்கு ஒருவர் 60 வருட ஆயுள் எடுத்துத் தேய்மானம் போடுவார், இன்னொருவர் 80 எடுப்பார். இரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும். காரணம் சொல்ல முடிந்த வித்தியாசத்தைப் பிழை என்று எழுதாதீர்கள்.

இவ்வளவு சொன்னதால் நான் சகாக்களைக் காப்பாற்றச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். உண்மையான தவறுகள் இருக்கின்றன, அவற்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுப்பது வங்கிக்குச் செய்யும் துரோகம். முதன்மையானது, சொத்தை மாற்றிப் பார்ப்பது. பத்திரத்தில் இருப்பது உள்ளே தள்ளிய மனை. கடன் கேட்டவர் காட்டியது மெயின் ரோட்டு மூலை மனை. புல வரைபடத்தையும் நான்கெல்லையையும் கையில் வைத்துக்கொண்டு நடந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டாவோடு பொருந்தவில்லை, பத்திரப் பரப்பும் அளந்த பரப்பும் வேறு வேறு, இருந்தும் பெரியதை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார் என்றால் அதுவும் பிழைதான். ஏரிப் புறம்போக்கை ஒட்டிய மனை, அனுமதி பெற்றது ஒரு தளம், கட்டியிருப்பது மூன்று தளம், அறிக்கையில் மூன்றுக்கும் மதிப்பு, அனுமதியைப் பற்றி மூச்சே இல்லை என்றால், அதையும் அப்படியே எழுதுங்கள். முந்தைய அறிக்கையிலிருந்து ஒட்டியதில், சேலத்துச் சொத்துக்குத் திருப்பூர்க்காரர் வீடு வடக்கெல்லையாக வந்து உட்கார்ந்திருக்கும் கூத்தையும் பார்க்கிறோம். எழுத்துப் பிழையைப் பெரிதாக்க வேண்டாம். எல்லைப் பிழையைச் சிறிதாக்க வேண்டாம்.

இதையெல்லாம் எழுதும்போது கண்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “அறிக்கையில் உள்ள புகைப்படம் சர்வே எண்ணின் அமைவிடத்தோடு பொருந்தவில்லை” என்பது நீங்கள் கண்டது. “கடன்தாரருக்கு உடந்தையாக” என்பது உங்களுக்குத் தெரியாதது. “மிகைப்படுத்தப்பட்டுள்ளது” என்ற சொல்லிலேயே யாரோ வேண்டுமென்று செய்தார் என்பது ஒளிந்திருக்கிறது. “காட்டப்பட்ட மூன்று ஒப்பீடுகளில் இரண்டு சாலையோர மனைகள், உள்மனைக்கான குறைப்பு செய்யப்படவில்லை, செய்திருந்தால் மதிப்பு குறைந்திருக்கும்” என்று எழுதினால் படிப்பவர் தாமே முடிவுக்கு வருவார், எழுதியவரும் கூண்டில் தலை நிமிர்ந்து நிற்கலாம். நல்லதாக ஏதாவது செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அளவுகள் சரி, வில்லங்கச் சான்று பார்த்திருக்கிறார், அனுமதி வரைபடத்தோடு ஒப்பிட்டிருக்கிறார் என்று ஒரு பத்தி இருந்தால் குறை சொல்லும் பத்திக்கு மதிப்பு கூடும்.

முதல் மதிப்பீட்டாளரிடம் ஒரு வார்த்தை கேட்கிறோமா? பெரும்பாலும் இல்லை. கடன்தாரரிடம் விளக்கம் கேட்காமல் அவர் கணக்கை மோசடி என்று வகைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அடுத்த வருடம் ரிசர்வ் வங்கி தன் வழிகாட்டுதலில் அதற்கு 21 நாள் அவகாசம் வைத்தது. வங்கியே கேட்க வேண்டியிருக்கும்போது நாம் மட்டும் கேட்காமல் தீர்ப்பெழுதுகிறோம். நேரே போன் போட்டுப் பேசச் சொல்லவில்லை. ரகசியம் காக்கும் கடமை இருக்கிறது, நாளைக்கு ‘இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்’ என்ற பேச்சும் வரும். கேள்விகளை எழுதி வங்கி வழியாக அனுப்பலாம். அவர் கோப்பில் நாம் பார்க்காத ஒப்பீடு இருக்கலாம், வங்கி அவருக்குக் கொடுத்த கடிதத்தில் ‘வெளியிலிருந்து மட்டும் பார்த்து மதிப்பிடவும்’ என்று இருக்கலாம். முதலாமவர் நம்பிய தகவல்கள் எல்லாம் கைக்கு வராமல், வெளியே போகப்போகிற விமர்சனத்தை எழுதாதே என்று பிரிட்டனின் தொழில்முறை அமைப்பான ஆர்ஐசிஎஸ் தன் உறுப்பினர்களுக்குச் சொல்கிறது. நமக்கும் அதைவிட நல்ல விதி தேவையில்லை.

போட்டியைப் பற்றி ஒரே வார்த்தை. அதே கிளைக்கு, அதே ஊரில் வேலை செய்கிற இருவரில் ஒருவரை இன்னொருவர் மறுஆய்வு செய்தால், அவர் பேனலை விட்டுப் போவதில் இவருக்கு நேரடி லாபம். பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவரை அழைக்கும்படி வங்கியிடம் சொல்லி விலகுங்கள். விலக முடியாவிட்டால் அந்த உறவை அறிக்கையின் முதல் பத்தியில் எழுதுங்கள். கிளை மேலாளர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, “சார், கொஞ்சம் குறைச்சே போட்டுக் கொடுங்க, ஃபைலை குளோஸ் பண்ணணும்” என்று சொல்வதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடன் கொடுக்கும்போது “கொஞ்சம் கூட்டிப் போடுங்க” என்று கேட்டதும் அதே நாற்காலிதான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த மறுஆய்வுக் கடிதம் வரும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பார்க்க வேண்டியது முறையையா மதிப்பையா, எந்தத் தேதிக்கு, முதல் மதிப்பீட்டாளருக்கு வங்கி கொடுத்த பணிக் கடிதத்தின் நகல், அவரிடம் கேள்வி கேட்க அனுமதி. மதிப்பைப் பார்க்கச் சொன்னால் அதற்குரிய கட்டணத்தையும் கேளுங்கள். சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த நான்கையும் ஒரு படிவமாக்கி வங்கிகளுக்கு அனுப்பலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன். அதுவரை, இந்த நான்கில் ஒன்றைக்கூடத் தர மறுக்கும் வங்கியின் மறுஆய்வை ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்